திரும்பிப் பார்த்தால் தேநீர்

சீழ்க்கைச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பியவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். சட்டர்மியர் பறவைச் சரணாலயத்தில் எழுதிவைக்காத சட்டம் அது. சத்தம் போடாதே, நாயை அவிழ்த்துவிடாதே என்று பலகையில் பெரிதாக எழுதிவைத்த சட்டங்களையெல்லாம் மீறியவர்கள் உண்டு. இதை மீறியவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

சீழ்க்கை கிளமென்ட்டுடையது. அவர்தான் சரணாலயத்து வார்டன், பறவைகளையும் நாணல்காட்டையும் காவல் காக்கிறவர். நாயைக் கூப்பிட இரண்டு விரலை வாயில் வைத்து அடிப்பார். முதலில் நீளமாக ஒன்று மேலே ஏறும், ஏறும்போதே நடுவில் லேசாக உடையும், பிறகு குட்டையாக இரண்டு இறங்கும். முன்பல் ஒன்று இல்லாததால் வந்த உடைசல் அது. அவர் வீட்டுப் புகைபோக்கியில் குடியிருந்த சூறைக்குருவி ஒன்று அந்தச் சீழ்க்கையை உடைசலோடு சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. மைனா சாதிக்கு வேறென்ன வேலை? குருவி சீழ்க்கை அடிக்கும், டஃபி என்கிற அந்த நாய் தட்டில் வைத்ததை விட்டுவிட்டு நாலு கால் பாய்ச்சலில் ஓடும், ஓடிப் போனால் அங்கே ஆள் இருக்கமாட்டார். நாய் திரும்பி வரும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கையாகிப் போனது. புதியவர்கள் ஏமாந்து திரும்புவார்கள், பழையவர்கள் கெத்தாக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அப்படித்தான் தேநீர்ச் சட்டம் வந்தது.

நான் பறவை பார்க்கிற ஆள் இல்லை. நாரிச் ரயிலடியில் வந்து இறங்கும் பறவை பார்க்கிற கூட்டத்தை என் சின்ன பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ப்பது என் பிழைப்பு. விடியுமுன் எழுந்து, சேற்றில் மைல் கணக்கில் நடந்து, பழுப்பு நிறத்தில் ஒரு பறவையைப் பார்த்துவிட்டு, அது இன்னொரு பழுப்பு நிறப் பறவை இல்லை என்று மதியம்வரை சண்டை போடுகிறவர்கள். நல்லவர்கள்தான். எனக்கு வார்டன் வீட்டில் கிடைக்கிற காலைச் சாப்பாட்டின் மேல்தான் கண். கிளமென்ட்டின் மனைவி ஹெஸ்டர் பன்றி இறைச்சியை வறுத்து ரொட்டிக்குள் வைத்துத் தருவாள். அந்த வாசனைக்கு நான் எவ்வளவு தூரமும் பஸ் ஓட்டுவேன்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளமென்ட் காணாமல் போனார். அன்றைக்கு மூடுபனி. மதகுக் கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தட்டைப்படகில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் பாலத்துக்குக் கீழே, கடலைப் பார்த்துப் போகிற ஆற்றில் கிடைத்தது. ஆற்றை அரித்தார்கள், ஆள் அகப்படவில்லை. முதல் நாள் இரவு வீட்டில் சண்டை. இந்த ஈரத்தில் எனக்கு நெஞ்சுச் சளி தீராது, ஊருக்குள் வீடு பார்க்கலாம் என்று ஹெஸ்டர் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் படகை எடுத்துக்கொண்டு இப்படியே கடலுக்குப் போய்விடுகிறேன், நீ நிம்மதியாக இரு என்று அவர் கத்தியிருக்கிறார். இது எப்படியோ வெளியே தெரிந்து, ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது: ஆள் ஓடிவிட்டான்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய மார்ச் மாதத்துக் காலை ஒன்றை. கூட்டத்தை இறக்கிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தேன்.

"பூட்ஸக் கழட்டு. முட்டை ரெண்டா, மூணா?" என்றாள் ஹெஸ்டர், அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

"மூணு."

"உன் பஸ்ஸு ஒரு பக்கமா சாயுதுன்னு சொன்னியே, எந்தப் பக்கம்னு இப்ப தெரியுது."

வாசலில் கிளமென்ட்டின் தம்பி ஆம்ப்ரோஸ் நின்று பூட்ஸிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்க நாணல் அறுக்கிற மனிதர். கூரை வேய்கிறவர்களுக்குக் கட்டுக் கட்டாகப் போகும். உள்ளங்கை முழுக்க நாணல் கிழித்த கோடுகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டுப் பின்கட்டில் தன் கிழட்டுப் பூனையோடு இருந்தார். அண்ணன் போனபின் பறவை பார்க்க வருகிறவர்களை அவர்தான் கூட்டிக்கொண்டு நடந்தார்.

"இன்னைக்கும் பனி. ஒண்ணும் தெரியப்போறதில்ல. பாவம், டிக்கெட் போட்டு வந்திருக்காங்க" என்றார் ஆம்ப்ரோஸ்.

"பாக்குறதுக்கா வர்றாங்க? ஒருத்தர ஒருத்தர் மட்டந்தட்ட வர்றாங்க" என்றேன்.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஈஸ்டருக்குப் புது வார்டன் வர்றானாம், இந்த வீடும் அவனுக்குத்தான். அவன் பொண்டாட்டி வந்து ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துட்டுப் போயாச்சு. நல்ல பொண்ணுதான். என் மூஞ்சியப் பாக்காமலே அளவெடுத்தா."

"நீ எங்க போவ?"

"தங்கச்சி வீட்டுக்குத்தான். போயி என்னன்னு சொல்லிக்கிறது, நீயே சொல்லு. விதவைன்னா? விட்டுட்டு ஓடினவன் பொண்டாட்டின்னா? செத்துட்டார்னு தெரிஞ்சா அழுது தீத்துட்டுப் போவேன். ஓடிட்டார்னு தெரிஞ்சா காறித் துப்பிட்டுப் போவேன். ரெண்டுல எதையுமே செய்ய முடியாம நாலு மாசமா முட்டை பொரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"கோடை வந்தா வருவான் பாரு" என்றார் ஆம்ப்ரோஸ் வாசலிலிருந்து. "ஸ்காட்லாந்துப் பக்கம் எங்கயாச்சும் கழுகுக்குக் காவல் இருப்பான். கோவம் ஆறினா தன்னால வருவான்."

"நீ இதையே சொல்லு."

"பின்ன? செத்துட்டான்னா சொல்லச் சொல்ற?"

அவள் எழுந்து தலையில் துணியைக் கட்டினாள். இனிப்பு ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டாள். "இன்னைக்கு நானும் வரேன். போறதுக்கு முந்தி ஒருவாட்டி எல்லாத்தையும் பாத்துடுறேன்."

நவம்பருக்குப் பிறகு அவள் நாணலுக்குள் கால் வைத்ததில்லை. அதனால் நானும் கூடப் போனேன். தேநீர்க் குடுவைகளை நான் தூக்கிக்கொண்டேன்.

பலகைப் பாதையில் வரிசையாக நடந்தோம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நாணல், அதற்கு மேல் வெள்ளையாகப் பனி. முன்னால் போகிற ஆளின் முதுகு மட்டும்தான் தெரியும். பலகைக்கு அடியில் தண்ணீர் களக் களக்கென்றது. எங்கோ ஒரு நீர்க்கோழி, கழுத்தில் கத்தி வைத்த பன்றிக்குட்டியைப் போலக் கீச்சிட்டு நின்றது. டஃபி ஆம்ப்ரோஸின் கையிலிருந்த வாரை இழுத்துக்கொண்டே வந்தது.

"இது முன்ன இப்படி இழுக்காதே" என்றேன்.

"அண்ணன் போனதிலேர்ந்து கிறுக்குப் பிடிச்சுடுச்சு. அவுத்துவிட்டா மதகுக்கு அந்தாண்ட ஆல்டர் மரக் காட்டுக்குள்ள ஓடிடுது. அங்க குட்டை மான் இருக்கு, அந்த மோப்பம். கூடு கட்டுற காலம், விட முடியுமா?"

பார்வைக் குடில் என்பது தண்ணீருக்கு முகம் வைத்த மரப்பெட்டி. நீளமாக ஒரு பெஞ்சு, கண் மட்டத்தில் ஒரு நெடுந்திறப்பு, அவ்வளவுதான். எல்லோரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தோம். பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற பெர்சி வழக்கமான மூலையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாக வருகிறவர், ஒரே ஒரு தடவைகூடத் தேநீர் ஊற்றாத பெருமைக்காரர். அவர் பக்கத்தில் ஐரீன் என்றொரு பெண்மணி, அன்றைக்குத்தான் முதல் முறை. பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"இந்தப் பக்கமா பிடிங்கம்மா. இல்லேன்னா எல்லாமே எறும்பாட்டம் தெரியும்" என்றார் பெர்சி.

பனி கொஞ்சம் விலகியது. கிளுவை வாத்துகள் தெரிந்தன. சேற்றுப் பருந்து ஒன்று தாழப் பறந்து மறைந்தது. அப்போது நாணலுக்குள் ஒளிந்திருக்கிற குருகு ஒலித்தது. பெரிய காலி ஜாடியின் வாயில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம். எந்தத் திசையிலிருந்து என்று சொல்லவே முடியாது. ஐரீன் கையைப் பார்த்தேன், மயிர் சிலிர்த்திருந்தது.

"ஆண் குருகு. பொம்பளையக் கூப்பிடுது" என்று ஆம்ப்ரோஸ் மெதுவாகச் சொன்னார்.

"இப்படிக் கூப்பிட்டா எவ வருவா?" என்றாள் ஐரீன். எல்லோரும் சிரிப்பை விழுங்கினோம்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் சீழ்க்கை கேட்டது. எங்கள் முதுகுப் பக்கம், ஆல்டர் காட்டிலிருந்து. நீளமாக மேலே ஏறியது. நடுவில் உடைந்தது. டஃபி விறைத்து எழுந்தது.

ஐரீன் சட்டென்று திரும்பினாள். "யாரோ கூப்பிடுறாங்க!"

"மாட்டிக்கிட்டீங்க!" பெர்சிக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "எல்லாருக்கும் நீங்கதான் டீ ஊத்தணும். எனக்குச் சர்க்கரை ரெண்டு." பிறகு சூறைக்குருவியின் கதையை அவளுக்குக் காதோடு சொன்னார். "ஆனா அதுக்கும் வயசாயிடுச்சு போல. முன்ன கடைசில ரெண்டு குட்டையா இறங்கும், இப்ப அது வரல. பாதிதான் பாடுது."

ரொட்டியை நீட்டிக்கொண்டிருந்த ஹெஸ்டரின் கை அப்படியே நின்றது. நான்தான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். 

"அது எப்பலேர்ந்து காட்டுப் பக்கம் கத்துது?" என்று கேட்டாள்.

"குருவியா? நவம்பர்லேயே அங்க போயிடுச்சே" என்றார் ஆம்ப்ரோஸ், கண்ணைத் திறப்பிலிருந்து எடுக்காமல். "நாணல் அறுக்கறப்ப குளிர்காலம் பூரா கேட்டேன். நீ வீட்டவிட்டு வந்தாத்தானே உனக்குத் தெரியும். அண்ணன் போன அன்னைக்குக் காலைலகூட நாங்க இங்கதான் இருந்தோம், அது அந்தக் காட்டுலேர்ந்து ஒரே கத்து. பெர்சியக் கேளு."

"ஆமாமா, விடாம" என்றார் பெர்சி. "காலை பூரா. நான் கழுத்தக் கையால பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், திரும்பிடக் கூடாதேன்னு. ஒருத்தர்கூடத் திரும்பல அன்னைக்கு! டீ ஊத்த ஆளில்லாம அவங்கவங்க ஊத்திக்கிட்டோம்."

"டஃபி?"

"அது கிடந்து துடிச்சுது. சத்தத்துல வாத்தெல்லாம் பறந்துடும்னு இந்த பெஞ்சு கால்ல கட்டிப் போட்டேன்" என்றார் ஆம்ப்ரோஸ்.

ஹெஸ்டர் ரொட்டியைக் கூடைக்குள் திரும்ப வைத்தாள். "ஆம்ப்ரோஸ், அந்தக் குருவி அக்டோபர்லேயே செத்துப் போச்சு."

அவர் இப்போதுதான் திரும்பினார்.

"உன் பூனை கவ்விக்கிட்டு வந்து சமையக்கட்டு வாசல்ல போட்டுச்சு. பேரி மரத்தடியில குழி தோண்டி அவருதான் பொதைச்சாரு. நான் விளக்கு பிடிச்சேன். 'தம்பிகிட்ட சொல்லாத, கோவத்துல பூனையக் கொன்னுடுவான், அப்புறம் ஒரு வாரம் சோகமா உக்காந்திருப்பான்'னாரு. வர்றவங்ககிட்டயும் சொல்ல வேணாம், அவங்களுக்கு அது ஒரு விளையாட்டுன்னாரு."

 பெர்சியின் வாய் திறந்தே இருந்தது. வெளியே குருகு மறுபடி ஊதியது. அது முடிந்ததும் ஆல்டர் காட்டிலிருந்து அதே சீழ்க்கை. ஏறியது, உடைந்தது, நின்றது. எங்களில் ஒருவரும் திரும்பவில்லை. இந்த முறை பயத்தில்.

"அப்ப இப்ப கூப்பிடுறது யாரு?" என்றாள் ஐரீன். அதைக் கேட்கும் நிலையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஹெஸ்டர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே எல்லோரும் போனோம். ஆல்டர் காட்டுக்குப் போகிற பாதை மதகைத் தாண்டிப் போகிறது. காட்டுக்குள் கொஞ்ச தூரத்தில் பலகைப் பாதை முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பது தரை இல்லை, தண்ணீர் மேல் மிதக்கிற வேர்ப்பாய். குதித்தால் பத்தடி தள்ளி நிற்கிற மரம் ஆடும். 'இதற்கு மேல் போகாதீர்கள்' என்ற அறிவிப்புப் பலகையைக் கிளமென்ட்டேதான் அடித்து வைத்திருந்தார். அதனால்தானோ என்னவோ, தேடினவர்களும் அந்தப் பலகைக்கு மரியாதை கொடுத்தார்கள். படகு ஆற்றில் கிடைத்தபின் இங்கே யார் தேடப்போகிறார்கள்?

காட்டுக்குள் பனி இன்னும் அப்படியே இருந்தது. கறுத்த அடிமரங்கள், பாசி, அழுகின இலை வாசனை. ஒரு சின்னக் குருவிச் சத்தம்கூட இல்லை. உண்மையைச் சொல்கிறேன், கிளமென்ட் ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். ஓடியிருப்பேன்.

சீழ்க்கை கேட்டது, தலைக்கு மேலே, மிகப் பக்கத்தில்.

"அதோ" என்று கிசுகிசுத்தார் பெர்சி. பைனாகுலரை உயர்த்தக்கூட இல்லை, அவ்வளவு பக்கம். மொட்டைக் கிளையில் ஒரு ஜே பறவை. காக்கை சாதி, ஆனால் இளஞ்சிவப்பு உடம்பு, இறக்கையில் பளிச்சென்று நீலப் பட்டை. தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை புடைக்க, கிளமென்ட்டின் சீழ்க்கையை அடித்தது.

"அடச்சே, ஜே!" பெர்சி மூச்சை விட்டார். "இதுவும் கேட்டதைத் திருப்பிச் சொல்ற ஜாதிதான். பூனை மாதிரிகூடக் கத்தும். கடவுளே, ஒரு நிமிஷம் நான்..." அவர் சிரித்தே விட்டார். ஐரீனும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. பறவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது மறுபடி அடித்தது. மேலே ஏறி, உடைந்து, பிறகு காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. இறங்க வேண்டிய இரண்டும் இல்லை.

"மூச்சு போதல அவருக்கு" என்றாள்.

பெர்சியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்க டாக்டர். புகைபோக்கிக் குருவி அதைக் கத்துக்க எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? ரெண்டு கோடை. தினமும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இது அவர் பக்கத்துலயே வந்ததில்ல. ஒரே ஒரு நாள்ல இது கத்துக்கணும்னா, எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாரு?"

பெர்சி தொப்பியைக் கழற்றினார். 

"நாயத்தான் கூப்பிட்டிருக்காரு. உங்களைக்கூட இல்ல. நாய் வரும்னு தெரியும் அவருக்கு" என்றாள்.

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த வாரைப் பார்த்தார். பிறகு குனிந்தார். கழுத்துக் கொக்கியைக் கழற்றினார். கழன்றதும் டஃபி குரைக்கவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை, நேராக ஓடியது. தெரிந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. மதகுப் பக்கம் பெரிய ஆல்டர் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் அடிமரத்துக்குப் பக்கத்தில் போய், பாசி மேல் படுத்துக்கொண்டது.

"ஆம்ப்ரோஸ், தரை தாங்காது" என்று நான் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. இடுப்புவரை இறங்கி, இரண்டு கையாலும் வேரைப் பிடித்துப் பிடித்துப் போனார். மரத்துக்கு அப்பால் குனிந்தார். 

"கால் மேல விழுந்திருக்கு, ஹெஸ்டர்" என்று குரல் மட்டும் வந்தது. "மரம் கால் மேல விழுந்திருக்கு. படகுதான் தன்னால மிதந்து ஆத்துக்குப் போயிருக்கு. எங்கயும் போகல அவன். இங்கயேதான் இருந்திருக்கான்." பிறகு ஒரு பெரிய மனிதன் அழக்கூடாத விதத்தில் அழுதார். "நான் கட்டிப்போட்டேனே. நாயக் கட்டிப்போட்டேனே நான்."

ஹெஸ்டர் பலகையின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு மாசத்து அழுகை. அவர் ஓடிப்போகவில்லை என்பதற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொடவில்லை.

போலீசுக்குச் சொல்ல ஐரீன் ஓடினாள். அவர்கள் வருகிறவரை அங்கேயே காத்திருந்தோம். ஆம்ப்ரோஸைக் கயிறு போட்டு மேலே ஏற்றினோம். குளிரில் அவர் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. பெர்சி குடிலுக்குப் போய்க் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோப்பைகளைப் பலகை மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் தேநீர் ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது. முதல் கோப்பையை ஹெஸ்டரிடம் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

அப்போது கிளையிலிருந்த அந்த ஜே மறுபடி சீழ்க்கை அடித்தது. பறவைதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் இருக்கிற இடமும் தெரியும்.

எல்லோரும் திரும்பினோம்.